உடைத்துப் பார்த்து ஒட்டியவர்: நோர்மன் டி புரூயின்

சுன்னாகத்தில் என் மாமா நடத்தும் கராஜில், சாமிப் படத்துக்குக் கீழே ஒரு பெற்றோல் தாங்கி தொங்குகிறது. பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றின் தாங்கி அது. ஒரு பக்கம் கருகிப் போயிருக்கிறது. அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவில் சாம்பல் நிறப் பசைத் திட்டு ஒன்று இருக்கிறது. அதன் ஓரம் உரிந்து கிளம்பியிருக்கிறது. கராஜுக்கு வருகிறவர்கள் அதை ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மாமா பதில் சொல்லமாட்டார். அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் நிமிராது. அதைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை.

2007ஆம் ஆண்டின் தொடக்கம் அது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு குடாநாட்டுக்கு எல்லாமே கப்பலில் வரவேண்டியிருந்தது. பெற்றோல் விலை பல மடங்கு ஏறியிருந்தது. காஸ் வெல்டிங்குக்குக் காஸ் இல்லை. மின்சாரம் சொல்லிக்கொண்டு வராது. தாங்கியில் ஓட்டை விழுந்தால் புதுத் தாங்கி வாங்க வழியில்லை. இரண்டு ரியூப்பில் வரும் பசையைக் குழைத்து அடைப்பதுதான் ஒரே வழி. அதுவும் கிடைத்தால்.

ஒரு நாள் பின்னேரம் ஒருவர் ஒழுகும் தாங்கியோடு வந்தார். ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும் என்று அந்தரப்பட்டார். மாமா தாங்கியைக் கழற்றாமல், ஒழுகிய இடத்தைச் சீலையால் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையைக் குழைத்து அப்பினார். அவர் போய்விட்டார். மறுநாள் காலை அதே ஆள், அதே ஒழுக்கோடு வந்தார். எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க மாமா எஞ்சினை இயக்கினார். திட்டின் ஓரம் கிளம்பி, பெற்றோல் சூடான எஞ்சின் மேல் இறங்கியது. வண்டியைக் கராஜுக்கு வெளியே தள்ளிவிட்டது மாமாவின் கைதான். வேறு எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது நான் பள்ளிக்கூட மாணவர். அன்றிலிருந்து மாமா பெற்றோல் தாங்கி ஒட்டுவதை விட்டுவிட்டார். பெற்றோலுக்குப் பசை தாங்காது என்பது அவருடைய தீர்ப்பு.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது அந்தத் தீர்ப்பு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. கியூஆர் அட்டை வந்த காலம். மாதக்கணக்கில் வெறுந்தாங்கியோடு நின்ற வண்டிகள் திரும்ப ஓடத் தொடங்கியபோது, கராஜுக்கு ஒழுக்கு வேலைகள் வரிசையாக வந்தன. வெறுந்தாங்கிக்குள் ஈரக்காற்று போய் வேர்த்து, உள்ளிருந்து துருப்பிடித்து, ஊசித் துளைகள் விழுந்திருந்தன. மாமா எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அவர்களில் பலர் வேறெங்காவது போய், மாமா அன்று செய்ததைப் போலவே அவசரமாக ஒட்டுவித்துக்கொண்டு போனார்கள்.

உண்மையில் பிழைத்தது பசையா, வேறு ஏதாவதா? அதைத் தேடப்போய்த்தான் நோர்மன் டி புரூயின் என்ற மனிதரைக் கண்டுபிடித்தேன். விமானப் பொறியியல் படித்தவர்களுக்கு அவர் பெரிய பெயர். உலோகத்தையும் உலோகத்தையும் பசையால் ஒட்டி, அதை நம்பி மனிதர்கள் வானில் பறக்கலாம் என்று காட்டியவர். எங்கள் கராஜ்களில் நாளாந்தம் பசை குழைப்பவர்கள் எவரும் அவரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

இயற்பியலில் இருந்து விமானத்துக்கு

நோர்மன் ஏட்ரியன் டி புரூயின் 1904 நவம்பர் 8ஆம் திகதி, தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டின் புன்ரா அரினாஸ் நகரில் பிறந்தார். தகப்பன் ஒல்லாந்தர், தாய் ஆங்கிலேயர். படிப்பு இங்கிலாந்தில். கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் படித்து, ரதர்ஃபோர்ட் தலைமை தாங்கிய கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் இயற்பியல் ஆய்வு செய்தார். அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று உலகமே அந்த ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1928இல் ட்ரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞராகவும் தெரிவானார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் ஒரு நல்ல இயற்பியல் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் 1929இல் அவர் விமானம் ஓட்டப் பழகினார். ஓட்டியதும், தானே ஒன்றைக் கட்டவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. 1931இல் கேம்பிரிட்ஜில் ஒரு சிறு விமானக் கம்பனியைத் தொடங்கினார். 1934இல் அது கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள டக்ஸ்ஃபோர்ட் கிராமத்துக்கு வந்து, ஏரோ ரிசேர்ச் என்ற பெயரைப் பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய முதல் விமானம் பறந்தது. ஸ்நார்க் என்று பெயர். நான்கு பேர் இருக்கக்கூடிய ஒட்டுப்பலகை விமானம்.

வியாபாரமாகப் பார்த்தால் அது தோல்வி. ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. ஆனால் அதைக் கட்டும்போது ஒரு விடயம் அவரைத் தொந்தரவு செய்தது. அந்தக் காலத்துப் பலகை விமானங்களை ஒட்டியது கேசீன் என்னும் பசை. பாலில் இருந்து எடுப்பது. காய்ந்திருக்கும்வரை நல்ல பலம். ஈரம் பட்டால் இளகும், பூஞ்சணம் பிடிக்கும். பலகையைக் கணக்குப் போட்டு வெட்டலாம், வளைவைக் கணக்குப் போட்டு அமைக்கலாம். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள்மட்டும் தச்சரின் கைப்பழக்கத்தை நம்பி இருந்தது. ஓர் இயற்பியலாளருக்கு அது பொறுக்கவில்லை. விமானம் கட்டுவதைக் கைவிட்டு, பசையைக் கையில் எடுத்தார்.

பலகைக்கு ஒரு பசை

1937இல் டக்ஸ்ஃபோர்டில் ஏரோலைட் பிறந்தது. யூரியாவும் ஃபோமல்டிஹைட்டும் சேர்ந்து உண்டான செயற்கைப் பிசின் அது. அதைப் பாவிக்கும் முறைதான் கவனிக்கவேண்டியது. ஒரு பலகையில் பிசினைப் பூசுவார்கள். மற்றப் பலகையில் அதை இறுகச் செய்யும் அமிலத்தைப் பூசுவார்கள். இரண்டும் சேரும்போதுதான் வேலை தொடங்கும். இன்றைக்கு நாங்கள் இரண்டு ரியூப்பில் இருந்து பிதுக்கிக் குழைப்பதும் இதே எண்ணம்தான். பிசின் வேறு, இறுக்கி வேறு. இரண்டும் சந்திக்கும்வரை காலம் எங்கள் கையில்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் மொஸ்கிட்டோ விமானம் பலகையால் கட்டப்பட்டது. முதலில் கேசீனால் ஒட்டினார்கள், பின்னர் ஏரோலைட்டுக்கு மாறினார்கள். ஆயிரக்கணக்கில் அந்த விமானங்கள் வெளிவந்தன. அவற்றில் பல குண்டு போடும் விமானங்கள். இதை எழுதும்போது நான் கொஞ்சம் தயங்கினேன். கிபிரும் புக்காராவும் தலைக்குமேல் சுற்றியபோது பங்கருக்குள் இருந்தவர்கள் எங்களுடைய ஆட்கள். குண்டு போடும் விமானத்தைக் கட்டிப்பிடித்த பசையின் கதையை வெறும் சாதனைக் கதையாகச் சொல்ல என்னால் முடியாது. நாங்கள் வீட்டில் பாவிக்கும் எத்தனையோ பொருட்கள் போருக்காக வளர்ந்து, போர் முடிந்ததும் கடைக்கு வந்தவை. இதுவும் அப்படித்தான் வந்தது.

1944இன் இறுதியில் இந்தியாவில் பறந்த சில மொஸ்கிட்டோக்கள் வானிலேயே உடைந்தன. முதலில் எல்லோரும் எங்கள் பக்கத்து வெக்கையையும் மழையையும் குறை சொன்னார்கள். இறக்கைகளை வெட்டிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. சில இணைப்புகளில் பலகையும் பலகையும் சரியாகப் பொருந்தவே இல்லை. பசை தொடாத இடைவெளிகள் இருந்தன. வெளியில் இருந்து பார்த்தால் ஒட்டியதுபோல் இருந்தது, உள்ளே பிடிப்பு இல்லை. இதை வாசித்தபோது எனக்குச் சுவரில் தொங்கும் தாங்கிதான் நினைவுக்கு வந்தது.

இரும்பை இரும்போடு

பலகைக்குள் பசை ஊறும், நாருக்குள் பிடிக்கும். உலோகத்துக்குள் எதுவும் ஊறாது. உலோகத்தை ஒட்டிப் பறப்பது என்பது அன்றைக்குப் பொறியியலாளர்கள் சிரிக்கும் விடயம். ஆணி அடி, திருகு போடு, வெல்ட் பண்ணு. இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி.

1941இல் டி புரூயினும் அவருடைய சக ஆய்வாளர் ஜோர்ஜ் நியூவெலும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். சுத்தமாக்கிய உலோகத்தில் ஃபீனோலிக் பிசினைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஒருவகை வைனைல் தூளை மேலே தூவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுவது. ஃபீனோலிக் பிசின் பலமானது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். வைனைல் தூள் அதற்கு நெகிழ்வைக் கொடுத்தது. ரிசேர்ச், டக்ஸ்ஃபோர்ட் என்ற இரண்டு சொற்களின் தலையையும் சேர்த்து ரெடக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ரெடக்ஸ் முதலில் போனது விமானத்துக்கு அல்ல. சேர்ச்சில், குரோம்வெல் ஆகிய யுத்த டாங்கிகளின் கிளச் தட்டுகளுக்கு. கிளச் தட்டு சூடாகும், உராயும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இழுபடும். ஒட்டுக்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. அதில் நின்று பிடித்த பிறகுதான் அது விமானத்துக்கு ஏறியது. 1944இல் பறந்த ஹோர்னெட் போர் விமானத்தில் உலோகத்தையும் பலகையையும் சேர்த்து ஒட்டினார்கள். பிறகு உலகின் முதல் ஜெற் பயணிகள் விமானமான கொமெட். கொமெட் விமானங்கள் 1954இல் விபத்துக்குள்ளாகின. விசாரணையில் தெரிந்தது உலோகச் சோர்வு. ஆணிகளுக்கும் திருகுகளுக்குமாகத் துளைத்த இடங்களின் அருகே வெடிப்புத் தொடங்கியிருந்தது.

டி புரூயினின் ஆய்வுகளில் இரண்டு விடயங்கள் ஒரு கராஜுக்கு நேரடியாகப் பயன்படுபவை.

முதலாவது, ஒட்டு எங்கே உடைகிறது என்பது. இரண்டு தகரத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, இரு பக்கமும் இழுத்தால், பாரம் ஒட்டு முழுவதிலும் சமமாக விழாது. ஓரங்களில்தான் குவியும். அதனால் ஒட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பலம் இரண்டு மடங்காகாது. தகரத்தின் தடிப்புக்கும் ஒட்டின் நீளத்துக்கும் உள்ள உறவை அவர் ஒரு சிறிய சூத்திரமாகவே எழுதிவைத்தார். ஓரத்தைப் பிடித்து உரிப்பது அதைவிட மோசம். காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டரை நேராக இழுத்தால் வராது, மூலையைக் கிளப்பினால் வந்துவிடும். உலகத்தில் எந்தப் பசைக்கும் எதிரி அந்த மூலைதான். மாமா ஒட்டிய திட்டும் ஓரத்தில்தான் கிளம்பியது.

இரண்டாவது, எதில் எது ஒட்டும் என்பது. மூலக்கூறுகளில் சில, ஒரு முனை நேர், மறு முனை எதிர் என்று மின்தன்மை கொண்டவை. அவற்றை முனைவுள்ளவை என்பார்கள். நீரும் உலோகத்தின் ஒக்சைட்டுப் படலமும் அப்படி. எண்ணெய், மெழுகு, பெற்றோல், பொலித்தீன் போன்றவை முனைவற்றவை. முனைவுள்ள பசை முனைவற்ற பரப்பில் பலமாகப் பிடிக்காது என்று 1930களின் இறுதியிலேயே அவர் எழுதினார். கடையில் விற்கும் எந்தப் பலமான பசையும் பொலித்தீன் பையில் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு விடை இது.

சந்தைக்கு வந்த இரண்டு ரியூப்

இன்றைக்கு நாங்கள் குழைக்கும் எபொக்சி பசை அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அதன் வேர் சுவிற்சர்லாந்தில். பியர் காஸ்டன் என்ற இரசாயனவியலாளர் 1930களில் பல் வைத்தியத்துக்குப் பொருத்தமான பிசின் ஒன்றைத் தேடினார். இறுகும்போது சுருங்காத பிசின். பல் வைத்தியத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. சீபா என்ற சுவிஸ் கம்பனி அந்த உரிமையை வாங்கி, 1946இல் அரல்டைற் என்ற பெயரில் உலகுக்குக் காட்டியது. பிசினும் இறுக்கியும் சேர்ந்ததும் மூலக்கூறுகள் நாலாபக்கமும் கைகோத்து ஒரே வலையாகிவிடும். ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. சூடும் அழுத்தமும் கொடுக்கும் யந்திரம் தேவையில்லை. டக்ஸ்ஃபோர்டில் ஆலை வைத்துச் செய்ததை யாரும் தன் மேசையில் செய்யலாம்.

1940களின் இறுதியில் டி புரூயினின் கம்பனி சீபாவின் கைக்குப் போனது. அவர் 1960 வரை அதை நடத்தினார். அரல்டைற் டக்ஸ்ஃபோர்டிலும் உற்பத்தியானது. உலோகத்தை ஒட்டிப் பழகிய அந்த ஆட்களின் அறிவு, எபொக்சிக்கு ஒரு தயாரான வீடாக அமைந்தது. 1980களின் தொடக்கத்தில் லண்டன் வீதியோர விளம்பரப் பலகை ஒன்றில் ஃபோர்ட் கோர்ட்டினா கார் ஒன்றை அரல்டைற்றால் ஒட்டித் தொங்கவிட்டார்கள். அது விளம்பர வேடிக்கை. இன்று கார் ஆலைகளில் உடற்தகடுகளை இணைப்பதில் எபொக்சி பசைக்கு நிரந்தர இடம் உண்டு. பெயின்ற் சூளையின் வெப்பத்திலேயே அதுவும் இறுகிவிடும்.

கம்பனியை விட்டு விலகிய பிறகு டி புரூயின், தான் முன்னரே தொடங்கியிருந்த ரெக்னி என்ற ஆய்வுகூடக் கருவிக் கம்பனியில் கவனம் செலுத்தினார். 1967இல் றோயல் சொசைற்றி அவரை உறுப்பினராக்கியது. வாழ்வின் பிற்பகுதியை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கழித்தார். 1997 மார்ச் 7ஆம் திகதி, 92 வயதில் காலமானார். டக்ஸ்ஃபோர்ட் ஆலை வேறு கைகளுக்கு மாறிவிட்டது. ரெடக்ஸ் என்ற பெயர் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது.

பெற்றோலுக்குத் தாங்குமா?

அவருடைய வாழ்க்கையை வாசித்து முடித்தபோது, மாமாவின் தீர்ப்பைத் திரும்பப் பார்க்க என்னிடம் சில கருவிகள் இருந்தன.

பெற்றோலும் டீசலும் எஞ்சின் ஒயிலும் முனைவற்றவை. நன்றாக இறுகிய எபொக்சி முனைவுள்ளது, நெருக்கமான வலை. அந்த வலைக்குள் பெற்றோல் நுழைவது கடினம். ஆகவே சரியாக இறுகிய நல்ல எபொக்சி பெற்றோலில் கிடந்தாலும் எளிதில் கரைவதில்லை. ஆனால் ஒட்டும்போது பரப்பில் ஒரு துளி பெற்றோல் இருந்தால் போதும், பசை உலோகத்தைத் தொடவே தொடாது. ஒழுகிக்கொண்டிருக்கும் தாங்கியில் அப்பும் பசை தகரத்தில் ஒட்டுவதில்லை. பெற்றோல் படலத்தின் மேல் மிதக்கிறது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் ஒரு நாள் எடுக்கும் வகையும் ஒன்றல்ல. வேகமாக இறுகுவதற்கு வேறு இறுக்கி போடுகிறார்கள். அந்த வலை சூட்டுக்கும் கரைப்பானுக்கும் தாங்கும் சக்தி குறைவு. உடைந்த கோப்பைக்கு அது போதும். எஞ்சினுக்குப் பக்கத்தில் போதாது.

எபொக்சி உருகாது என்றாலும், ஒரு வெப்பநிலைக்கு மேல் கண்ணாடித் தன்மையை இழந்து றப்பர்போல் இளகும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண வகைகளுக்கு அந்த எல்லை பெரும்பாலும் 50க்கும் 80 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்கும். மாசி, பங்குனி வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியைக் கையால் தொட்டவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும். சைலன்சர் பக்கத்தில் சாதாரண எபொக்சியை நினைத்தும் பார்க்கக்கூடாது.

இறுக்கியைக் கூடப் போட்டால் கெதியாக இறுகும் என்ற பழக்கம் எங்கள் கராஜ்களில் உண்டு. வண்டியின் உடலை மட்டமாக்கப் பூசும் பொலியெஸ்டர் புட்டிக்கு அது ஓரளவு சரி. எபொக்சிக்குத் தவறு. ஒவ்வொரு பிசின் மூலக்கூறுக்கும் குறித்த அளவு இறுக்கி தேவை. மிச்சமாகப் போடுவது வலைக்குள் வேலையில்லாமல் கிடந்து அதைப் பலவீனமாக்கும். பெட்டியில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. இறுக்கி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும் என்பதால் கையுறையும் வேண்டும்.

எதனோல் கலந்த பெற்றோல் வேறு விதம். எதனோல் முனைவுள்ளது. அதனால் எபொக்சி வலைக்குள் பெற்றோலைவிட எளிதாக நுழைந்து ஊதச் செய்யும். இந்தியாவில் 20 சதவீத எதனோல் கலந்த பெற்றோல் பரவலாகிவிட்டது. அங்கே வண்டி ஓட்டும் எங்கள் உறவுகள் தாங்கியில் பசை வேலை செய்யுமுன் பெட்டியில் எதனோல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

புது வண்டிகளின் பிளாஸ்டிக் தாங்கி பெரும்பாலும் பொலித்தீன் குடும்பம். டி புரூயின் சொன்ன விதிப்படி எபொக்சி அதில் பிடிக்காது. ஒட்டியதுபோல் தோன்றும், ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். பிரேக் பாகங்கள், உயர் அழுத்தத்தில் எரிபொருள் போகும் குழாய்கள், காஸ் தொடுப்புகள் எதிலும் பசையை நம்பக்கூடாது.

அப்படியானால் வெல்ட் பண்ணுவதுதான் வழியா? பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கி ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி காற்றோடு கலந்து, ஒரு பொறியில் வெடிக்கும். கழுவி, ஆவி போக்கி, தண்ணீர் நிரப்பிச் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் தொடவேண்டிய வேலை. பழைய சாரதிகள் வழியில் ஒழுக்குக் கண்டால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்பதால் வீடு போய்ச் சேரும்வரை அது தாங்கும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், நாலு துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை வைத்துக் காலம் தள்ளியவர்களுக்கு இப்படி எத்தனையோ கைவைத்தியம் தெரியும்.

ஒழுக்கு என்பது காசு விரயம் மட்டும் அல்ல. சுன்னாகத்தில் இதை விளக்கத் தேவையில்லை. மின்நிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், தண்ணீர் பவுசருக்காகப் பிளாஸ்டிக் வாளிகள் வரிசையில் நின்றதையும் கண்டவர்கள் நாங்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் மின் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. எங்கள் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே சிந்துவது வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு இறங்கும். ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுக்கை மின்நிலையத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்று.

போத்தலுக்குள் மூன்று தகரம்

நான் வாசித்ததை மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. டி புரூயின்கூட யார் சொன்னாலும் நம்பாமல் உடைத்துப் பார்த்த ஆள்தான். ஆகவே நாங்களும் உடைத்துப் பார்த்தோம்.

ஒரே தகரத்தில் இருந்து ஆறு துண்டு வெட்டினோம். முதல் சோடியில் கொஞ்சம் பெற்றோல் பூசி, சீலையால் துடைத்து, வேகப் பசையால் ஒட்டினோம். 2007இல் நடந்தது அதுதான். இரண்டாவது சோடியை உப்புத்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, ரின்னரால் துடைத்துக் காயவைத்து, அதே வேகப் பசையால் ஒட்டினோம். மூன்றாவதையும் அப்படியே சுத்தமாக்கி, மெதுவாக இறுகும் பசையால் ஒட்டி, இரண்டு நாள் தொடாமல் வைத்தோம். பிறகு மூன்றையும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் விட்டு, நெருப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக ஒரு மாதம் வைத்தோம்.

முதலாவது, போத்தலில் இருந்து எடுக்கும்போதே இரண்டாகப் பிரிந்தது. பசை முழுத்தகடாகக் கழன்று வந்தது. தகரம் வெறுமையாக இருந்தது. இரண்டாவது கையால் பிரியவில்லை, ஆனால் ஓரத்துப் பசையில் நகம் பதிந்தது. மூன்றாவதை வைஸில் பிடித்துக் குறட்டால் வளைத்தபோது தகரம் வளைந்தது, ஒட்டு நின்றது. இது ஆய்வுகூடச் சோதனை அல்ல. மூன்று சோடித் தகரத்தை வைத்து உலகத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. அவர் முதலாவது தகரத்தைத்தான் நெடுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர் பசையைக் குற்றம் சாட்டிவந்தார். இப்போது குற்றம் தன் பக்கம் திரும்பிவிட்டதே என்று நினைப்பாரோ என்று நான் பயந்தேன். அவரிடம் கழற்றிக் கழுவ நேரம் இருக்கவில்லை. காயவிட ஒரு நாள் இருக்கவில்லை. நல்ல வகைப் பசை கடையில் இருக்கவில்லை. வந்தவருக்கு ஊரடங்குக்கு முன் வீடு போகவேண்டும். அன்றைய சுன்னாகத்தில் சரியாக ஒட்டுவதற்குத் தேவையான எதுவும் அவர் கையில் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் தலையை ஆட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் பெற்றோல் தாங்கி வேலையை மறுபடி எடுக்கிறார். இரும்புத் தாங்கி மட்டும், ஊசித் துளை மட்டும். கழற்றி, எரிபொருளை வடித்து, கழுவி, காயவைத்து, துளையைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணி வைத்து, ஓரம் மெலிந்து போகும்படி மெதுப் பசையைப் பூசுகிறார். வண்டியை இரண்டு நாளுக்குப் பிறகுதான் தருவார். அன்றே வேண்டும் என்பவர்களை இன்னும் திருப்பித்தான் அனுப்புகிறார். துரு அரித்து மெலிந்த தாங்கி என்றால் புதிது வாங்கச் சொல்லிவிடுகிறார்.

கருகிய தாங்கி இன்னும் சாமிப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. போத்தலில் இருந்து எடுத்த மூன்று தகரங்களையும் மாமா கம்பியில் கோத்து அதன் பக்கத்தில் கொழுவியிருக்கிறார். வேலை பழக வந்திருக்கும் பொடியன்களுக்கு முதல் நாளே அவற்றைக் கழற்றிக் கையில் கொடுக்கிறார்.